அறையும் சேர்ந்து பாடும்

வீட்டிற்கு இசைக் கருவி வாங்கச் செல்பவர்கள் கடைக்காரரிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். விலை என்ன? எத்தனை வாட்? உத்தரவாதம் எத்தனை ஆண்டு? "இதை எங்கள் வீட்டில் எந்த இடத்தில் வைக்க வேண்டும்?" என்று கேட்பவரை நாம் கண்டதில்லை. மின்சார ஸ்விட்ச் எந்த மூலையில் இருக்கிறதோ, அந்த மூலையே ஒலிபெருக்கிகளுக்கு உரிய இடமாகிவிடுகிறது. அவற்றின் தலைமேல் ஒரு பூச்சாடியும் ஒரு குடும்பப் புகைப்படமும் ஏறி அமர்ந்துகொள்கின்றன. பின்னர் ஒலி சரியில்லை என்றால் குற்றவாளி யார்? பெட்டி, பெட்டியைச் செய்தவர், பெட்டியைப் பழுது பார்த்தவர். அறையை யாரும் விசாரணைக் கூண்டில் ஏற்றுவதில்லை. நாமும் ஏற்றவில்லை. அதன் விளைவாக நேர்மையான ஒரு மனிதரின் பெயருக்குக் களங்கம் உண்டாக்கினோம். அதை ஒளிக்காமல் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

2019-ஆம் ஆண்டு மே மாதம் இப்பங்கிற்கு மாற்றலாகி வந்தோம். அதே மாதத்தில் நம் தமையனார் கிராமத்து வீட்டை விட்டு நகரத்திலுள்ள மகனின் அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயர்ந்தார். இருபத்தைந்து ஆண்டுகளாக அவர் போற்றி வைத்திருந்த ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டையும், ஆம்ப்ளிஃபயரையும், இசைத்தட்டுகள் அடங்கிய ஒரு மரப்பெட்டியையும் நம்மிடம் ஒப்படைத்தார். "அங்கே இதற்கு இடமில்லை. உன்னிடம் இருந்தால் பாடிக்கொண்டாவது இருக்கும்" என்றார். விடுமுறைக்குச் செல்லும்போதெல்லாம் அந்த ஓட்டு வீட்டின் கூடத்தில், முற்றத்தைப் பார்த்தவாறு அமர்ந்து, நாங்கள் இருவரும் இசை கேட்டது உண்டு. 1986-இல் வெளிவந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பை எத்தனை முறை கேட்டிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. வி.எஸ். நரசிம்மனின் வயலின் முற்றத்துத் துளசிச் செடிக்கு அருகில் நின்று வாசிப்பது போலிருக்கும்.

அதே வயலினை நம் இல்லத்து வரவேற்பறையில் முதன்முறை கேட்ட மாலையில் நமக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தைச் சொல்லி முடியாது. தந்தி ஒவ்வொன்றும் காதைக் குத்தியது. அதன் கீழே நடக்க வேண்டிய பேஸ் கிட்டாரோ, ஒரு சுரத்திற்கு அறையே இடிவது போல் முழங்கி, அடுத்த சுரத்திற்கு ஆளையே காணாமல் மறைந்தது. குரலிசைத் தட்டுகளில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதித்தன. வண்டியில் ஏற்றி வந்தபோது பெட்டிகளுக்கு அடிபட்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினோம்.

பேருந்து நிலையத்தின் அருகில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வானொலியும் தொலைக்காட்சியும் பழுது பார்த்துவரும் பெரியவர் ஒருவரை அழைத்தோம். அவர் பெட்டியின் முன்துணியைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, ஒலிபெருக்கியின் முனைகளில் தொட்டுத் தொட்டு எடுத்தார். காகிதக் கூம்பு மெல்ல முன்னும் பின்னும் அசைந்தது. மீட்டரை வைத்து மின்தடை பார்த்தார். 8 ஓம் என்று எழுதப்பட்ட ஒலிபெருக்கி 6 ஓம் காட்டியது. அது அப்படித்தான் காட்ட வேண்டும் என்றும் விளக்கினார். "சாமி, பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்பது அவருடைய தீர்ப்பு. நமக்கு மனம் ஒப்பவில்லை. வற்புறுத்தவே, கடைக்கு எடுத்துச் சென்று இரண்டு நாள் பாட வைத்துப் பார்த்துவிட்டு, "அங்கே அருமையாகப் பாடுச்சு சாமி" என்று திருப்பிக் கொண்டுவந்தார். பழைய மூலையிலேயே வைத்தோம். பழைய முழக்கமே வந்தது.

அப்போது அறையில் உபதேசியாரும் பங்குப் பேரவை உறுப்பினர் இருவரும் இருந்தனர். அவர்கள் காதுபட நாம் சொன்ன சொற்கள் இவை: "என்ன ஐயா, கடையில் நன்றாகப் பாடியது என்கிறீர்கள், இங்கே பாடவில்லை. உள்ளே இருந்த நல்ல சாமான் உள்ளேயேதான் இருக்கிறதா?"

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டார். நீட்டிய பணத்தைப் பெறாமலே படியிறங்கிச் சென்றார். சிறிய ஊரில் ஒரு பழுது பார்ப்பவரின் முதலீடு அவருடைய நாணயம் ஒன்றுதான். பங்குக் குருவே ஐயப்படுகிறார் என்றால் அந்த முதலீடு என்னவாகும் என்று அன்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஊருக்கு வந்தார். சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பணிபுரிபவர். நம் மனக்குறையைக் கேட்டதும் பெட்டிகளை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினார். தட்டிய ஓசை அடங்கிய பிறகும் 'ட்ர்ர்ர்' என்று ஒரு படபடப்பு சுவர்களுக்கிடையே ஓடி ஓய்ந்தது. மறுபடியும் தட்டினார், மறுபடியும் ஓடியது. "சாமி, ஒரு டேப்பும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் வேண்டும்" என்றார். அவை வருமுன்னே, பின்சுவரை ஒட்டிக் கிடந்த நம் நாற்காலியை இழுத்து அறைக்குள் முன்னே போட்டு, "இங்கே உட்கார்ந்து கேளுங்கள்" என்றார். பெட்டியைத் தொடவில்லை, ஒரு திருகாணியையும் திருப்பவில்லை. ஆயினும் அந்த முழக்கத்தில் பாதி மறைந்துவிட்டது!

இது எப்படி என்று அவர் விளக்கியதையும், பின்னர் நாம் படித்துத் தெளிந்ததையும் இங்கே தொகுத்துச் சொல்வது வாசகர்களுக்குப் பயன்படும் என எண்ணுகிறோம்.

நம் நாட்டு வெப்பநிலையில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் விரைகிறது. நம் வரவேற்பறை 5 மீட்டர் நீளமும் 3.6 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்டது. ஓர் ஒலியலையின் பாதி நீளம் அறையின் நீளத்திற்குச் சமமானால், அந்த அலை இரு சுவர்களுக்கிடையே சென்று திரும்பி, தன்னோடு தானே கூடி, நிலையலையாக நின்றுவிடுகிறது. நம் அறையின் நீளத்திற்கு அது 34.5 ஹெர்ட்ஸ், அகலத்திற்கு 48, உயரத்திற்கு 57.5. இவற்றின் மடங்குகளிலும் இவ்வாறே நிகழும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி எழுப்பும் சுரம் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ் என்பதை நினைவில் கொண்டால், இசையின் அடித்தளம் முழுவதும் இந்த எல்லைக்குள்தான் நடமாடுகிறது என்பது விளங்கும். எனவே சில சுரங்களை அறை தானும் சேர்ந்து பாடுகிறது, சிலவற்றைப் பாடுவதில்லை. நாம் கேட்டது இசைக் கலைஞர்களை மட்டுமன்று, நம் அறையையும்தான்.

நிலையலையின் அழுத்தம் சுவரருகே மிக அதிகமாகவும், முதல் அலைக்கு அறையின் நட்டநடுவில் மிகக் குறைவாகவும் இருக்கும். ஆகவே சுவரில் தலையைச் சாய்த்து அமர்பவருக்கு முழக்கம் மிகுதி. நட்டநடுவில் அமர்பவருக்கோ சில சுரங்கள் அறவே கேளா. இரண்டும் இல்லாத ஓர் இடைநிலை வேண்டும். அறை நீளத்தில் ஏறத்தாழ 38 விழுக்காட்டுத் தொலைவு என்று ஒலிப்பதிவாளர்கள் கைக்கணக்காகச் சொல்கிறார்கள். நம் அறையில் அது பின்சுவரிலிருந்து 1.9 மீட்டர். இது சட்டமன்று, தேடலைத் தொடங்குவதற்கு ஓர் இடம், அவ்வளவே.

இனி பெட்டிகளுக்கு வருவோம். கீழ்ச்சுர ஒலி ஒரு திசையில் மட்டும் செல்வதில்லை. விளக்கொளி போல நாற்புறமும் பரவுகிறது. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால், பின்னால் சென்ற ஒலி உடனே திரும்பி முன்னால் செல்லும் ஒலியோடு சேர்ந்துகொள்கிறது. ஒரு சுவர் இவ்வாறு கொள்கையளவில் 6 டெசிபல் வரை கூட்டும். மூலை என்பது இரு சுவர்களும் தரையும் கூடும் இடம். அங்கே மூன்று பங்கு ஊட்டம் கிடைக்கிறது. ஸ்விட்ச் இருந்த மூலையில் நாம் பெட்டியை வைத்ததன் பயன் இதுவே.

சரி, சுவரை விட்டு நகர்த்திவிட்டால் சிக்கல் தீருமா? தீராது, உருவம் மாறும். பெட்டி சுவரிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். பின்னால் சென்று திரும்பும் ஒலி இரண்டு மீட்டர் அதிகம் நடந்து வருகிறது. 86 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 4 மீட்டர். இரண்டு மீட்டர் என்பது அதில் சரிபாதி. எனவே திரும்பி வரும் அலை ஏறும்போது நேரலை இறங்குகிறது, ஒன்றையொன்று தேய்த்துக்கொள்கின்றன. அந்தச் சுரம் மெலிகிறது. பின்சுவர், பக்கச்சுவர், தரை ஆகிய மூன்றிற்கும் ஒரே தொலைவு இருந்தால் மூன்று தேய்மானமும் ஒரே சுரத்தின் தலையில் விழும். அமெரிக்கப் பொறியாளர் ராய் அலிசன் 1974-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த விளைவை விரிவாக ஆராய்ந்தார். இதற்குத் தீர்வு எளிது: மூன்று தொலைவுகளும் வெவ்வேறாக இருக்கட்டும். நம் பெட்டிகளில் கீழ்ச்சுரக் கூம்பின் நடுவிலிருந்து பக்கச்சுவர் 70 சென்டிமீட்டர், தரை 85, பின்சுவர் 110 என்று அமைத்தோம்.

இந்த இடத்தைக் கண்டுபிடிக்க அந்த இளைஞர் கையாண்ட வழி வேடிக்கையானது. ஒரு பெட்டியைத் தூக்கி நம் நாற்காலியின்மேல் அமர்த்தினார். பேஸ் கிட்டார் ஒலிக்கும் பகுதியை ஓடவிட்டுத் தரையில் தவழ்ந்தார்! எந்த இடத்தில் காதை வைத்தபோது எல்லாச் சுரங்களும் ஒத்த வலிமையுடன் கேட்டனவோ, அந்த இடத்தில் பெட்டியை வைத்துவிட்டு நாற்காலியில் நாம் அமர்ந்தால் அதே ஒலி நமக்குக் கேட்கும். ஒலிப்பவரும் கேட்பவரும் இடம் மாறினாலும் இடைவழி மாறுவதில்லை என்பது இயற்பியல் விதி. பின்பு நாமும் தவழ்ந்து பார்த்தோம். அந்த வேளை பார்த்துக் காப்பி கொண்டுவந்த சமையற்காரர், பங்குக் குரு தரையில் காதை வைத்துக் கிடப்பதைக் கண்டு தட்டோடு திகைத்து நின்றுவிட்டார்.

இரு பெட்டிகளுக்கும் கேட்பவருக்கும் இடையே உள்ள உறவு அடுத்து வருவது. ஸ்டீரியோ என்னும் முறைக்கு 1931-இல் உரிமம் கோரி விண்ணப்பித்தவர் ஆலன் புளும்லைன் என்னும் ஆங்கிலப் பொறியாளர். 1934 ஜனவரியில் லண்டன் அபே ரோடு கூடத்தில், தாமஸ் பீச்சம் இயக்கிய மொசார்ட் இசையை இம்முறையில் பதிவு செய்து பார்த்தார். 1942-இல் ராடார் சோதனையின்போது விமான விபத்தில், தம் 38-ஆம் வயதில் மறைந்தார். இரண்டு ஒலிபெருக்கிகள் ஒரே ஒலியை ஒரே வலிமையில் எழுப்பினால், அது இரண்டிற்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத வெற்றிடத்திலிருந்து வருவதாக நம் காதுகள் கொள்கின்றன. பாடுபவர் அங்கே நிற்கிறார். அவர் அங்கே நிற்க வேண்டுமானால் கேட்பவர் இரு பெட்டிகளிலிருந்தும் சம தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் பாடகரும் அந்தப் பக்கமே ஓடிவிடுவார். இரு பெட்டிகளும் கேட்பவரும் ஏறத்தாழச் சமபக்க முக்கோணமாக அமைவது நன்று. நம் அறையில் பெட்டிகளின் இடைவெளி 2.2 மீட்டர், நம் நாற்காலிக்கு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.3 மீட்டர். மேல்சுரங்களை எழுப்பும் சிறிய கூம்பு, அமர்ந்தவர் காதின் உயரத்திற்கு வர வேண்டும். பெட்டிகளைக் கேட்பவர் பக்கம் சற்றே திருப்பியும் வைக்கலாம்.

முகக் கண்ணாடி எதற்கு? நாம் நாற்காலியில் அமர்ந்தோம். இளைஞர் கண்ணாடியைப் பக்கச்சுவரில் ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு நகர்ந்தார். கண்ணாடியில் ஒலிபெருக்கி நம் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு குறி இட்டார். ஒளி திரும்பும் அதே கோணத்தில் ஒலியும் திரும்புகிறது. ஆகவே அந்தக் குறியில் பட்டே முதல் எதிரொலி நம்மை அடைகிறது. நம் அறையில் அது நேரொலியைவிட 0.9 மீட்டர்தான் அதிகம் நடக்கிறது; விநாடியின் ஆயிரத்தில் மூன்று பங்கிற்கும் குறைவான தாமதம். ஜெர்மானியரான ஹெல்முட் ஹாஸ் 1949-இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் இதைத் தெளிவுபடுத்தினார். ஆயிரத்தில் முப்பது பங்கு விநாடிக்குள் வரும் எதிரொலியை நாம் தனி ஒலியாக உணர்வதில்லை. அது முதல் ஒலியோடு கலந்துவிடுகிறது. ஆனால் அதன் நிறத்தை மாற்றிவிடுகிறது. நம் வயலின் காதைக் குத்தியதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

மற்றொரு காரணம் எதிர்முழக்கம். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் பேச்சே விளங்கவில்லை என்று, வாலஸ் சாபைன் என்னும் இளம் ஆசிரியரிடம் பொறுப்பை ஒப்படைத்தனர். அங்கே எழுந்த ஒலி அடங்க ஏறத்தாழ ஐந்தரை விநாடி பிடித்தது. சாபைன் இரவு நேரங்களில், அருகிலிருந்த நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கச் செய்து, அது எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளந்தார். விடியுமுன் மெத்தைகள் திரும்பிப் போய்விடும். ஒலியை உட்கவரும் ஆற்றலுக்கு அவர் கொண்ட அளவுகோல் யாது தெரியுமா? திறந்த சன்னல்! அதன் வழியே சென்ற ஒலி திரும்புவதில்லை அல்லவா? அவர் கண்ட விதியின் துணைகொண்டு 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி மண்டபம் இன்றும் உலகின் சிறந்த இசை மண்டபங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

அந்த விதி சுருக்கமானது: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, உட்கவரும் பரப்பால் வகுக்க வேண்டும். நம் அறை 54 கன மீட்டர். சிமெண்டுச் சுவர், காங்கிரீட் கூரை, வழவழப்பான டைல்ஸ் தரை, கண்ணாடிச் சன்னல், பிளாஸ்டிக் நாற்காலி! இவை தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு நான்கு பங்கை உட்கவர்வதாகக் கொண்டால், ஒலி அடங்க ஏறத்தாழ இரண்டரை விநாடி ஆகும். வீட்டில் இசை கேட்க அரை விநாடியே போதுமானது. இரண்டு சன்னல்களையும் திறந்தாலே அது ஏறத்தாழ 1.4 விநாடியாகக் குறைந்துவிடும் என்று கணக்கு சொல்கிறது. தமையனாரின் ஓட்டு வீடு ஏன் இனிமையாகப் பாடிற்று என்பது அப்போதுதான் நமக்கு விளங்கியது. ஓடுகளின் இடுக்குகளும் திறந்த முற்றமும் மிகையான ஒலியை வானத்திற்கு அனுப்பிவிட்டன. நாம் பெட்டிகளை மட்டுமே கொண்டுவந்தோம். முற்றத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

பணம் செலவழிக்காமல் நாம் செய்தவை சில. சுண்ணக்கட்டிக் குறியிட்ட ஒரு பக்கம், பழைய தொகுப்புகள் நிறைந்த புத்தக அலமாரியை நகர்த்தி வைத்தோம். உயரமும் ஆழமும் ஒவ்வாத புத்தக வரிசை ஒலியைச் சிதறடிக்கிறது. மறுபக்கச் சன்னலுக்குக் கனத்த திரையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டோம். தரையில் தென்னை நார்ப் பாயும் அதன்மேல் பவானி ஜமக்காளமும் விரித்தோம். விருந்தினர் கட்டிலிலிருந்த இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டையும் சுருட்டிப் பின்மூலைகளில் நிறுத்தினோம். கைதட்டினால் ஓடிய படபடப்பு நின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மெல்லிய திரை மேல்சுரங்களை மட்டுமே விழுங்கும். கீழ்ச்சுர முழக்கத்தை அது தொடுவதில்லை. ஆகவே அறை முழுவதும் துணி கட்டினால் ஒளியிழந்த, ஆனால் முழக்கம் மாறாத ஒலியே மிஞ்சும். முட்டை அட்டைகளை ஒட்டுவதாலும் தெர்மாகோல் பதிப்பதாலும் பெரும்பயன் இல்லை. கீழ்ச்சுரத்திற்கு ஒன்று மிகத் தடித்த பொருள் வேண்டும், அல்லது சரியான இடம் வேண்டும். நமக்கு இடம் இலவசம். மேலும் அறையை முற்றிலும் ஊமையாக்குவதும் தவறு. கனடா நாட்டு ஒலியியல் அறிஞர் ஃபிளாய்ட் டூல், பக்கச்சுவர் எதிரொலி எப்போதும் தீங்கானதன்று என்றும், இசைக்கு ஒரு விசாலத்தை அது அளிப்பதைப் பலர் விரும்புகின்றனர் என்றும் நெடுங்கால ஆய்வுகளால் காட்டியுள்ளார். இன்றைய கருவிகள் சில, ஒரு சிறு மைக்கைக் கொண்டு அறையை அளந்து தாமே ஒலியைத் திருத்திக்கொள்கின்றன. மிகுந்து முழங்கும் சுரத்தை அவை குறைக்கலாம். தேய்ந்து மறையும் சுரத்தை எவ்வளவு மின்வலிமை கொடுத்தும் அந்த இடத்தில் மீட்க இயலாது. அதற்கு நாற்காலிதான் நகர வேண்டும்.

நம் கோவிலிலும் இதே கதைதான். மறையுரை விளங்கவில்லை என்று முதியவர்கள் முறையிட்டபோதெல்லாம் ஒலியின் அளவைக் கூட்டச் சொன்னோம். அளவைக் கூட்டினால் குரலும் கூடும். எதிர்முழக்கமும் அதே விகிதத்தில் கூடும். தெளிவு மட்டும் கூடாது. "கவனித்துக் கேட்டால் விளங்கும்" என்று அவர்களைக் கடிந்துகொண்டதும் உண்டு. இப்போது சிறிய ஒலிபெருக்கிகளைத் தூண்களில், மக்களுக்கு அருகில், அவர்களை நோக்கிச் சாய்த்துப் பொருத்தியிருக்கிறோம். முறையீடு குறைந்திருக்கிறது.

அந்த டிசம்பர் இரவில் எல்லாம் ஒழுங்கான பின், தமையனாரின் இசைத்தட்டை மறுபடியும் வைத்தோம். வயலின் இரு பெட்டிகளுக்கும் நடுவில், சுவருக்கும் சற்று அப்பால் நின்று வாசித்தது. பேஸ் கிட்டார் ஒவ்வொரு சுரத்தையும் ஒரே அடியெடுத்து நடந்தது. இளைஞர் மகிழ்ந்தார்; நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பெட்டியின் உள்ளே இருக்க வேண்டியவை அனைத்தும் உள்ளேயே இருந்தன என்பதற்கு அந்த இசையே சாட்சியாயிற்று. பெரியவர் சொன்ன ஒரு சொல்லும் பொய்யன்று.

குருமடத்தில் ஒழுக்கவியல் படித்த காலத்தில் ஒரு பாடம் உண்டு. பிறர் பொருளைக் கவர்ந்தவன் பொருளைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவன். பிறர் பெயரைக் கெடுத்தவன் பெயரைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவன். தேர்வில் இதற்கு நாம் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தோம்.

2020 ஜனவரியில் ஒரு காலைப் பொழுது பெரியவரின் கடைக்குச் சென்றோம். அவர் பதறி எழுந்து, முக்காலியைத் துடைத்துப் போட்டார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். சிறிது நேரம் கையிலிருந்த பற்றவைக்கும் கோலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "அன்னைக்கே எனக்குத் தெரியும் சாமி. ரூமுதான் இடிக்குது, மூலையை விட்டு நகத்தி வைங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். நாலு பேர் முன்னால சாமியை எப்படித் திருத்துறதுன்னு விட்டுட்டேன்."

இந்தச் சொற்கள் நம்மைச் சுட்ட அளவிற்கு, அவர் நம்மைக் கடிந்திருந்தால்கூடச் சுட்டிருக்காது. விடை ஏழு மாதங்களுக்கு முன்பே நம் அறைக்குள் வந்திருந்தது. கடையில் நன்றாகப் பாடிற்று என்று அவர் சொன்னதே பாதி விடை. பெட்டி அதுவே; அறை வேறு. அதைக் கேளாதபடி நம்மைத் தடுத்தது எது? நாம் அமர்ந்திருந்த இடம். சுவரோடு ஒட்டிக் கிடந்த நாற்காலியை மட்டும் சொல்லவில்லை. நம்மிடம் உண்மை சொல்ல வந்த ஒருவர் வாயெடுத்து அடக்கிக்கொள்ளும்படியான உயரத்தில் நாம் அமர்ந்திருந்தோம். அந்த இடத்திலிருந்து கேட்டால் நம் குரலின் முழக்கமே நமக்குப் பெரிதாகக் கேட்கும்; எதிரில் நிற்பவரின் மெல்லிய சொல் தேய்ந்துவிடும்.

அடுத்த ஞாயிறு மாலையில், அன்று உடனிருந்த உபதேசியாரையும் பேரவை உறுப்பினர் இருவரையும் இல்லத்திற்கு அழைத்தோம். பெரியவரையும் வரவழைத்தோம். அவர்கள் முன்னிலையில், "அன்று நாம் சொன்னது தவறு. பெட்டியில் குறை இல்லை. இவரிடத்திலும் குறை இல்லை. குறை, நாம் பெட்டியை வைத்த விதத்தில் இருந்தது" என்று சொன்னோம். நால்வரும் தரையைப் பார்த்தனர். பின்னர் பெரியவரை நம் நாற்காலியில் அமரச் சொன்னோம். மூன்று முறை மறுத்து, நான்காம் முறை விளிம்பில் அமர்ந்தார்.

இசைத்தட்டு ஓடியது. கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், நடுவில் ஓரிடத்தில் புருவத்தைச் சுருக்கினார். எழுந்து, அறையின் வலப்புறமிருந்த அலமாரியின் அருகில் சென்று காதைச் சாய்த்தார். பேஸ் கிட்டாரின் ஒரு குறிப்பிட்ட சுரத்திற்கு அலமாரியின் கண்ணாடிக் கதவு மிக நுட்பமாக நடுங்கிக்கொண்டிருந்தது. ஒலிப்பதிவுக் கூடத்து இளைஞரும் அதைக் கவனிக்கவில்லை, நாமும் கவனிக்கவில்லை. பெரியவர் சட்டைப் பையிலிருந்த ஒரு ரசீதுத் தாளை நான்காக மடித்து, கதவின் இடுக்கில் செருகினார்.

"இப்பக் கேளுங்க சாமி" என்றார்.

பெட்டிகள் சுவரிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளி நிற்பதால், வரவேற்பறைக்கு வருவோர் முழங்காலை இடித்துக்கொள்கின்றனர். எனவே பகலில் அவற்றைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, இரவில் இசை கேட்கும்போது மட்டும் தரையிலுள்ள சுண்ணக் குறிகளுக்கு இழுத்து வைக்கிறோம். குறிகள் அழியும், மறுபடியும் இடுகிறோம். அலமாரி இடுக்கில் செருகிய தாளை மட்டும் இன்றுவரை யாரும் எடுக்கவில்லை.